ஏழாவது பக்கத்தில் ஆள் இல்லை

தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,

கடவுச்சொல் கொப்பியை உங்களிடம் ஒப்படைத்த அன்று, "இவ்வளவுதானா மிஸ்? ரெண்டே ரெண்டு பக்கம்தானா?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது. உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊடகம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஒரு நிலையம் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் மட்டும் இருப்பது பழைய ஆட்களின் சோம்பல் மாதிரித்தான் தோன்றும். ஒரு காலத்தில் எங்களுக்கு ஏழு இருந்தது. ஏழையும் மேய்த்தவள் நான். ஐந்தை இழுத்து மூடியவளும் நான்தான். ஏன் மூடினேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஓய்வு பெற்றவளுக்குப் பொழுது நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கே தட்டச்சுக்காரியாக வந்தவள். வாழைச்சேனையில் இரண்டு அறை, மூன்று மேசை, ஒரு தொலைபேசி. வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் புறப்படும் முன் ஒரு நாள் வகுப்பு நடத்துவோம். போன இடத்தில் அவர்களுக்குத் துன்பம் வந்தால் அது எங்கள் வேலை. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்திலிருந்தும், ஓட்டமாவடி, ஏறாவூரிலிருந்தும் அவர்களின் உறவுகள் வருவார்கள். ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. யார் வந்தார், என்ன துன்பம், என்ன செய்தோம், முடிந்ததா இல்லையா. முடியாத விடயத்துக்கு நேரே சிவப்புப் புள்ளி. சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

பிறகு பக்கங்கள் வந்தன.

முதலில் முகநூல். அது நல்ல பிள்ளை, போட்டதைப் போட்ட இடத்தில் வைத்திருந்தது. அடுத்தது வட்ஸ்அப். அதுவும் சரி, தொலைபேசி மாதிரித்தான். நிதி தரும் நிறுவனத்தின் அறிக்கைப் படிவத்தில் "எந்தெந்தச் சமூக வலைத்தளங்களில் இருக்கிறீர்கள்?" என்று ஒரு பெட்டி இருந்தது. பக்கத்து மாவட்டத்து நிலையம் அதில் ஆறு எழுதியதாம் என்று எங்கள் இயக்குநர் கேள்விப்பட்டார். பிறகு சொல்லவா வேண்டும்? நீள வீடியோவுக்கு ஒன்று, குறும் வீடியோவுக்கு ஒன்று, படம் மட்டும் போட ஒன்று, கோட்டுப் போட்ட உத்தியோகத்தர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ள ஒன்று, இரண்டே வரியில் கோபப்படுகிறவர்களுக்காக ஒன்று. பெட்டி நிறைந்தது.

ஏழு பக்கம் என்றால் ஏழு வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே பயிற்சி வகுப்புப் படத்தை ஒன்றுக்குச் சதுரமாக வெட்ட வேண்டும், இன்னொன்றுக்கு நெட்டையாக வெட்ட வேண்டும். ஒன்றில் ஆங்கிலத்தில் பெருமைப்பட வேண்டும். ஒன்றில் பாட்டுச் சேர்க்க வேண்டும். "குறும் வீடியோவுல மிஸ்ஸும் கொஞ்சம் ஆடினா நல்லா ஓடும்" என்றார் இயக்குநர். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒரு கிழமை அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கறி அடுப்பில் இருக்கும்போதே போன் கிணுகிணுக்கும். யாரோ இதயம் போட்டிருப்பார்கள், அதற்கு நான் நன்றி போட வேண்டும். "ஒரு மாமியையே சமாளிக்க ஏலாம இருந்த ஆள், இப்ப ஏழு பேர வெச்சுப் பாக்கிறா" என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் இரண்டு வசதிகளைக் கண்டுபிடித்தேன். ஒரு இடத்தில் எழுதினால் ஏழு பக்கத்திலும் தானாகவே போய் விழும் ஏற்பாடு ஒன்று. செய்தி அனுப்புகிறவர்களுக்குத் தானாகப் பதில் போகும் ஏற்பாடு இன்னொன்று. எனக்கு உயிர் வந்தது. ஒரு முழுக் காலை உட்கார்ந்து அந்தப் பதிலை எழுதினேன். "சகோதரி, உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் உங்களுடன் இருக்கிறோம். விரைவில் தொடர்புகொள்வோம்." இயக்குநர் வாசித்துவிட்டு, "நல்லா இரிக்கி மிஸ், வாசிக்க ஆளே முன்னால நிக்கிற மாதிரி இரிக்கி" என்றார். நானும் பூரித்துப் போனேன்.

அதன் பிறகு காலையில் ஒரு தடவை எழுதுவேன், ஏழு பக்கமும் உயிரோடு இருக்கும். முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒவ்வொரு நாளும் திறந்து பார்ப்பேன். மற்றவற்றை முதலில் வாரம் ஒரு முறை பார்த்தேன். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு அறிக்கை எழுதும்போது மட்டும். படம் போடும் பக்கத்தை, எங்கள் வாயில் அது 'படப்பக்கம்', எத்தனை மாதம் திறக்காமல் விட்டேன் என்று எனக்கே தெரியாது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கதவைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பனிச்சங்கேணியிலிருந்து விடியப் புறப்பட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பை. ஐஸ் போட்ட இறால். பையை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"என்ட பேர் யோகேஸ்வரி, மிஸ். யோகம் எண்டு கூப்பிடுவாங்க. என்ட தங்கச்சி ஜீவராணிக்கு நீங்க நாளாந்தம் பதில் போடுறீங்களாம். வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிசம் கதைக்க விடுவாங்க, அப்ப சொன்னவள். பெரிய உபகாரம் மிஸ். வெள்ளாம வெட்டுக்கு ஆக்கள் நிக்காங்க, அதையும் விட்டுட்டு வந்திரிக்கன். எப்ப அவள அங்க இருந்து எடுப்பீங்க எண்டு கேட்டுட்டுப் போறன்."

ஜீவராணி என்று யாரையும் எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிரித்தேன். "இருங்க, பாத்துச் சொல்லுறன்" என்று, எல்லாம் கைக்குள் இருக்கிற ஆள் மாதிரி, பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். பெயர் இல்லை. முகநூலைப் பார்த்தேன், இல்லை. வட்ஸ்அப்பில் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். கடைசியில் ஏழாவதாகப் படப்பக்கம் மிஞ்சியது, அதன் கடவுச்சொல் நினைவில்லாமல் கொப்பியைத் தேடி எடுத்தேன். பின்னால் யோகம் கதிரையில் அமைதியாக இருந்தாள். அவள் எங்களை நம்பி அமைதியாக இருந்தாள்.

அங்கே இருந்தது. பூனைப் படம் போட்ட ஒரு கணக்கு, அரபு எழுத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் பெயர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். பத்தொன்பது செய்திகள், நாளுக்கு ஒன்று.

முதலாவதில் இப்படி இருந்தது. "அக்கா, நான் பனிச்சங்கேணி ஜீவராணி. போகக்குள்ள உங்கட வகுப்புக்கு வந்தனான். வலக் கையில கொதி எண்ணெய் கொட்டிட்டு. டொக்டரிட்டக் கொண்டு போறாங்க இல்ல. என்ட போன வாங்கி வெச்சிட்டாங்க. இது புள்ள விளையாடுற டப்லட். இதுல இந்தப் பக்கம் மட்டும்தான் இரிக்கி. மத்தியானம் எல்லாரும் படுத்தாப் பொறகு எழுதுறன்."

அதற்குக் கீழே, தானாகப் போன என்னுடைய மூன்று வசனம்.

"நன்றி அக்கா. பாத்துக்கொண்டு இரிக்கன்." கீழே மூன்று வசனம்.

"அக்கா, விரல் வீங்கிட்டு. எப்ப வருவீங்க?" கீழே மூன்று வசனம்.

பதினோராவது நாள்: "அக்கா, இண்டைக்கு ஒண்டும் இல்ல. சும்மா எழுதினன்." கீழே, நாங்கள் உங்களுடன் இருக்கிறோம்.

கடைசிச் செய்தி முந்தின நாள் பின்னேரம் வந்திருந்தது. "அக்கா, ரெண்டு விரல் உணர்ச்சி இல்லாமக் கிடக்கு. நீங்க வேலையாக்கும்."

நாற்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தவள் நான். சூறாவளிக்குள்ளும் கந்தோருக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த "நீங்க வேலையாக்கும்" என்ற சொல்லுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவளே ஒரு சாட்டுக் கண்டுபிடித்துத் தந்திருந்தாள்.

உண்மையைச் சொல்லாமல் சமாளிக்க வழி இருந்தது. "விசயம் நடந்துகொண்டு இருக்கு, இந்தக் கிழமைக்குள் முடியும்" என்று சொன்னால் யோகம் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். அந்த வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். பதில் போட்டது நான் இல்லை, மெசின். இதை இப்போதுதான், அவளுக்கு முன்னால்தான், முதன்முதலாகப் பார்க்கிறேன் என்றேன்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப அதுல ஆருமே இல்லையா மிஸ்?"

"இல்ல."

"பத்தொம்பது நாளும்?"

"ஓம்."

இறால் பையிலிருந்து தண்ணீர் நிலத்தில் வடிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரக் காணுவம் எண்டு வெளிக்கிட்டனான், மிஸ். அவள்தான் மறிச்சவள். 'நீ ஓடித் திரியாத அக்கா, நிலையத்தால பாக்கிறாங்க' எண்டாள்."

பிள்ளைகளே, இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீங்கள் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை வையுங்கள். எங்களுக்குப் படப்பக்கம் என்று ஒன்று இல்லாமலேயே இருந்திருந்தால் ஜீவராணி வேறு எங்காவது கதவைத் தட்டியிருப்பாள். யோகம் கச்சேரிக்குப் போயிருப்பாள். நாங்கள் உதவி செய்யாமல் விட்டது ஒரு பிழை. உதவி வருகிறது என்று நம்ப வைத்து அவர்களை இருந்த இடத்திலேயே இருக்க வைத்தது அதைவிடப் பெரிய பிழை.

கையும் காலும் பதறும்போது செய்கிற முதல் காரியம் பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். நான் கணினிக்கு ஓடிப் போய் எழுதத் தொடங்கினேன். "ஜீவராணி, மன்னித்துக்கொள்ளுங்கள், நாங்கள்..." அனுப்பும் இடத்தில் விரலை வைத்த பிறகுதான் யோசித்தேன். காலை பத்து மணி. டப் இந்த நேரத்தில் யாருடைய கையில் இருக்கும்? பிள்ளையின் கையில். அல்லது தாயின் கையில். பூனைப் படக் கணக்குக்குத் தமிழில் ஒரு செய்தி வந்து கிணுக்கென்று சத்தம் போட்டால், அவளுக்கு இருக்கிற ஒரே ஒரு யன்னலும் அடைபட்டுவிடும். எழுதியதை அழித்தேன்.

அடுத்தது எங்கள் இயக்குநர். ஓட்டமாவடிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், மனசு நல்ல மனசு. செய்திகளை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"மிஸ், இத இப்பவே ஏழு பக்கத்துலயும் போடுவம். ஊர் முழுக்கப் பகிர்ந்தாத்தான் ஆக்கள் அசைவாங்க."

அதில் நியாயம் இருந்தது. அப்படிப் போட்டு அசைந்த விடயங்களும் உண்டு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பத்தொன்பது செய்திகளையும் படம் பிடித்துப் போட்டால் எவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று என் மனதிலும் ஒரு மூலை கணக்குப் பார்த்தது. ஏழு பக்கம் மேய்த்தவளின் புத்தி அப்படித்தான் போகும்.

"அந்த வீட்டம்மாவும் படம் பாக்கிற ஆள்தான் சேர்" என்றேன். "அவங்கட கண்ணுல பட்டா இந்தப் புள்ளைய எங்க கொண்டு போய் வைப்பாங்களோ ஆருக்குத் தெரியும். யோகத்திட்டக் கேளுங்க."

யோகம் யோசிக்கவே இல்லை. "பேரப் போட வேணாம் சேர். அவள் ஊருக்கு வந்து தலை நிமிந்து நடக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு தன் கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த நாட்டில் இருக்கும் எங்கள் தூதரகத்துத் தொழிலாளர் பகுதியைப் பிடிக்கும்வரை எழும்பவில்லை. மத்தியானச் சாப்பாடு பொட்டலத்தோடேயே கிடந்தது. அவரைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

தூதரகத்தில் கேட்டார்கள்: எந்த வீடு, எந்தத் தெரு? எங்களுக்குத் தெரியாது. யோகத்துக்கும் தெரியாது. ஜீவராணியிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கை பொறுக்காது.

செய்திகள் வந்த நேரத்தைப் பார்த்தேன். எல்லாமே எங்கள் நேரம் நான்கு மணியை ஒட்டி. அவர்கள் மத்தியானம் படுக்கும் நேரம். அவள் எழுதியதும், டப்பை வைத்துவிட்டுப் போகும் முன், உடனே பதில் போக வேண்டும். மெசினையும் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்திவிட்டு நான் ஒரு நிமிடம் பிந்தினாலும், இத்தனை நாள் வந்த அந்த மூன்று வசனம்கூட வராமல் போய்விட்டதே என்று அவள் மனம் விட்டுவிடுவாள். மூன்றரை மணிக்கு நிறுத்தினேன். பிறகு கதிரையை விட்டு அசையவில்லை. யோகம் என் தோளோடு தோள் ஒட்டி இருந்தாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மெசின் நல்ல தமிழில், அன்பாகப் பேசியிருந்தது. இனி நான் எவ்வளவு அன்பாக எழுதினாலும் அதுவும் மெசின் மாதிரித்தான் இருக்கும். இது ஆள்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியவைப்பது? "சகோதரி" என்று தொடங்கிப் பார்த்தேன், அழித்தேன். "அன்பின் ஜீவராணி" என்று எழுதினேன், அதுவும் சரிவரவில்லை. இத்தனை வருடமாகக் கடிதம் எழுதிய கை, ஒரு வரி எழுதத் தெரியாமல் நின்றது.

நான்கு மணி கடந்து பத்து நிமிடம். "அக்கா." ஒரே ஒரு சொல்.

யோகம்தான் சொன்னாள். "எழுதுங்க மிஸ். 'கிளி, நான் யோகம். கையில சீழ் வெச்சிரிக்கா?'"

வீட்டில் ஜீவராணியைக் கிளி என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்படியே எழுதினேன்.

அவள் எழுதுவதாகத் திரையில் மூன்று புள்ளி காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது.

"அக்கா? நீயா?"

"நான்தான் கிளி. சீழ் வெச்சிரிக்கா?"

"ஓம் அக்கா. நீ எப்பிடி இதுல? ஆரும் கேக்கவே இல்ல அக்கா, ஒரு நாளும் கேக்கவே இல்ல."

யோகம் சீலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டாள். நான் அழுதேன், அழுதுகொண்டே தட்டச்சுச் செய்தேன். என் மூன்று வசனத்தில் ஒரு கேள்விகூட இருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலா, சாப்பிட்டாயா, எந்தக் கை, எவ்வளவு வலி? ஆளாக இருந்தால் இதில் ஒன்றையாவது கேட்டிருக்கும்.

யன்னலால் பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்டோம். ஒரு மருந்துக் கடையின் பச்சை விளக்கு, பள்ளிவாசல் மினாரா இரண்டு, முன்னால் கட்டி முடியாத ஒரு மாடி. வீட்டுக்காரரின் பெயரைப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் பார்த்து எழுதினாள். இருபது நிமிடம் கிடைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு டப்பை வைத்த இடத்தில் வை என்று நான் சொன்னேன். இயக்குநர் பின்னால் நின்று ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை தூதரகத்து ஆட்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். அன்று பின்னேரமே ஜீவராணி ஆசுபத்திரியில் இருந்தாள்.

திங்கட்கிழமைக்குத் திரும்பிப் போய் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து யோகம் புறப்பட்டபோது, இறால் பையை எடுத்து அவள் கையில் கொடுக்கப் போனேன். எந்த முகத்தோடு அதை வாங்குவது? அவள் வாங்கவில்லை.

"வெச்சிக்கோங்க மிஸ். மெசின் சாப்பிடாதுதானே. நீங்களாவது சாப்பிடுங்க."

கோபமா, பகிடியா, பாசமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றும் இருந்திருக்கும். வீட்டில் சமைத்தேன். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த கிழமை ஐந்து பக்கங்களை மூடினேன். ஒவ்வொன்றிலும் கடைசியாக ஒரே ஒரு பதிவு: இந்தப் பக்கத்தில் இனி ஆள் இல்லை, தயவுசெய்து இங்கே காத்திருக்க வேண்டாம், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், இந்த நேரத்துக்கு எடுப்போம், எடுக்காவிட்டால் இன்ன இடத்துக்குப் போங்கள். தானாகப் பதில் போடும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன். வகுப்பில் கொடுக்கும் அட்டையிலிருந்து ஐந்து அடையாளங்களை அழித்தோம். அந்த அட்டையைக் கொடுத்து, "இதுல எதுல எழுதினாலும் எங்களுக்கு வரும்" என்று ஜீவராணியின் வகுப்பில் வாயால் சொன்னவளும் நான்தான் என்பதை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிதி தரும் நிறுவனம் கோபிக்கும் என்று நாங்கள் பயந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினோம். "இரண்டு பக்கம் போதும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. படிவத்தில் அந்தப் பெட்டி இருந்ததே தவிர, ஏழு வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. நாங்களே பயந்து, நாங்களே நிரப்பியிருக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து ஜீவராணி நிலையத்துக்கு வந்தாள். கதவடியில் நின்றவளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நினைத்ததைவிடச் சின்னப் பெண். வலக் கையின் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கி, விரியாமல் இருந்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்சம் முந்திக் காட்டியிருந்தால் விரல் இரண்டையும் பழையபடி ஆக்கியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். அவள் அதைச் சும்மா, பஸ் பிந்தியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

யோகம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மூணு வரியையும் ஆரு எழுதின?"

"நான்தான்."

"'நாங்கள் உங்களுடன் இருக்கிறோம்' எண்டதையுமா?"

"ஓம்."

"அதத்தான் அக்கா ஒவ்வொரு நாளும் வாசிச்சன். எழுதக்குள்ள ஆர நினைச்சு எழுதின நீங்க?"

எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒருத்தரையும் நினைக்கல்ல மகள்" என்றேன். "வாசிக்க நல்லா இரிக்கணும் எண்டு எழுதினன்."

அவள் கோப்பையை மெதுவாக வைத்தாள். நான் எந்த வார்த்தைக்கும் தயாராக இருந்தேன்.

"பக்கத்து வீட்டுல ஏறாவூர்ப் புள்ள ஒண்டு வேல செய்யிது அக்கா. ஏறாவூர் எண்டு ஒரு நாள் சத்தம் வெச்சுச் சொன்னவள், பேர்கூடத் தெரியா. மொட்டை மாடியில உடுப்புக் காயப் போடக்குள்ள கையக் காட்டுவாள், நானும் காட்டுவன். அவளுக்கு அடிக்கிற சத்தம் கேக்கும். நான் வெளிக்கிடுற அண்டைக்கு உங்கட நம்பர ஒரு துண்டுல எழுதிச் சுருட்டி அந்தப் பக்கம் எறிஞ்சிட்டு வந்தன். எடுத்தாள், கண்டனான்." நிறுத்தினாள். "இப்ப யோசிக்கன் அக்கா, அது சரியோ பிழையோ எண்டு. அவளும் என்ன மாதிரி நம்பிக்கொண்டு இரிப்பாளே."

"சரிதான் மகள். நான் எடுப்பன்."

"நீங்களேயா?"

"நானே."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரை முழுவதும் குடித்து முடித்தாள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அந்தப் போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டு போனேன். தெரியாத இலக்கம் வரும்போதெல்லாம் அவள்தானோ என்றுதான் எடுத்தேன். வேறு பல பெண்கள் அழைத்தார்கள், பலர் வீடு வந்து சேர்ந்தார்கள். பதிவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெயர் இல்லாத ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஏறாவூர்ப் பிள்ளை" என்று மட்டும் எழுதி, நேரே சிவப்புப் புள்ளி போட்டிருக்கிறேன்.

அவள் இன்னும் அழைக்கவில்லை. போன் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.